ஓஸ்தி ஓரம்

போன மாதம் திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் புதிதாக ஒரு கோன் ஐஸ் கடை. ஐஸ் வைக்கிற கூம்பைக் கடைக்காரர் அங்கேயே சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இரும்புத் தகடு, நடுவில் கரைத்த மாவு, அழுத்தி மூடினால் ஓரத்தில் சீறிக்கொண்டு ஓர் ஆவி. அந்த ஆவி மூக்கில் ஏறியதும் நான் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டேன். ஐம்பது வயது தாண்டிய பெண்பிள்ளை கோன் ஐஸ் கடைக்கு முன்னால் முகம் வெளுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒண்ணு தரட்டா? வெயிலுக்கு நல்லாருக்கும்" என்றார் அவர். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ, கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டார். நானும் வாங்கிக்கொண்டேன். என் சுபாவம் அப்படி. வேண்டாம் என்பதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் நான் வாங்கிக்கொண்டவை ஏராளம். இப்போது சொல்லப்போவதும் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்ட கதைதான்.

அது கோதுமை மாவு இரும்பில் லேசாகக் கருகுகிற வாசனை. பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் என் தாவணியில், தலைமுடியில், விரல் நுனியில் எல்லாம் அந்த வாசனைதான். திண்டிவனத்தில் கன்னியர் மடத்தின் பின்கட்டில் ஓஸ்தி சுடுகிற வேலை எனக்கு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூசையில் சாமியார் எங்கள் நாக்கில் வைக்கிறாரே வெள்ளை வட்ட அப்பம், அதுதான் ஓஸ்தி. பூசையில் அவர் அதைக் கையில் எடுத்து மந்திரம் சொல்கிற வரைக்கும் அது வெறும் மாவு. சொன்ன பிறகு அது சேசுநாதர். இந்த வித்தியாசத்தை எங்களுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, மாவும் தண்ணீரும் மட்டும். நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி மாதிரி ஓர் இரும்பு அச்சு. அதன் உள்பக்கத்தில் சிலுவை செதுக்கியிருக்கும். தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தடவி, ஒரு கரண்டி மாவை ஊற்றி அழுத்தி, கரி அடுப்பில் காட்ட வேண்டும். மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கும்போது எடுத்தால் சரியான பதம். இரண்டாவது மந்திரத்துக்குப் போனால் பழுப்பாகிவிடும். சுட்ட தகட்டைக் கொஞ்ச நேரம் ஈரத்துணிக்குள் வைத்து, விறைப்புப் போனதும் வட்ட வெட்டியால் வெட்டுவேன். வட்டங்கள் டப்பாவுக்குப் போகும். வட்டங்கள் போன பிறகு மிஞ்சுகிற ஓட்டை ஓட்டையான ஓரம் யாருக்கு? எனக்கு.

வாயில் போட்டால் மொறுக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி கரைந்து ஒன்றும் இல்லாமல் போய்விடும். ருசி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கேப்பைக் கூழும் பச்சைமிளகாயுமாக வளர்ந்த நாக்குக்கு அது பெரிய இடத்துத் தீனி. ஒரு கை வெட்டும், மற்றக் கை ஓரத்தை எடுத்து வாயில் போடும். மூன்று வருஷத்தில் அந்த இரண்டு கைக்கும் என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அப்போது எனக்கு அர்ச்சிஷ்டவளாக, அதாவது ஒரு புனிதையாக வேண்டும் என்று ஆசை. எழுதும்போது இப்போதுகூட வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். செருப்புக்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டு நடந்த ஓர் அர்ச்சிஷ்டவரைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் கேட்டிருந்தேன். நானும் அப்படிச் செய்ய நினைத்தேன். ஆனால் செருப்பு இல்லை. நைனா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் இல்லாதது செருப்பு, நிறைய இருந்தது மல்லாட்டைத் தோல். அதைத் தரையில் பரப்பி அதன்மேல் முட்டி போட்டுச் செபம் செய்தேன். "பெருக்கி வச்ச எடத்துல எவடி தோலக் கொட்டினது?" என்று அம்மா விளக்குமாற்றால் ஒன்று வைத்தாள். அதையும் சேசுவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மடத்தில் எனக்கு மேலாளாக இருந்த ஆக்னேஸ் சிஸ்டரிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்: "சிஸ்டர், ஓஸ்தி சுடறவங்க யாராச்சும் அர்ச்சிஷ்டவங்க ஆயிருக்காங்களா?"

"மாவு கருவுது பாரு. மோட்சத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

இனிமேல் வருவது புரிய வேண்டுமானால் அந்தக் காலத்துச் சட்டம் ஒன்று தெரிய வேண்டும். அப்பத்தை நாக்கில் வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். நன்மை வாங்குகிறவர் முந்தின நாள் நடு இரவிலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது. பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் இறங்கக்கூடாது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது நாக்கை மடித்துத் தொண்டையை அடைத்துக்கொண்டு கொப்பளிப்போம். தெரிந்தே விரதத்தை முறித்துவிட்டு நன்மை வாங்கினால் அது சாவான பாவம். அதைச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் செத்தால் நேரே நரகம். நடுவில் ஒரு ஸ்டேஷனும் கிடையாது.

சரி, நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்தால்? அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கண் இருந்தது. பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் வரிசையாக முட்டி போட்டால், சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்துக்கொண்டே போவார். கல்யாணமாகாத பெண் ஒருத்தி அந்தக் கிராதிக்குப் போகாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தால் அவள் ஏதோ செய்துவிட்டாள் என்று அர்த்தம். என்ன செய்தாள் என்பதை அவரவர் வசதிப்படி நினைத்துக்கொள்வார்கள்.

பதினெட்டு வயதில், விழுப்புரம் லோகோ ஷெட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு என்னைக் கேட்டார்கள். பெயர் சூசை. அவருடைய அம்மா சவரியம்மாள் கைம்பெண், தினப்பூசை விடாதவர், ஏற்கெனவே இரண்டு பெண்களைப் பார்த்து வேண்டாம் என்றவர். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்று பெண் பார்க்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. "பொண்ண பூசையில பாப்பேன். நன்மை வாங்கிக்கினு திரும்பி வர்ற மூஞ்சில எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்குத் திண்டிவனம் வருவதாக ஏற்பாடு. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். நைனாவுக்கு அப்போதே முதுகு வளைய ஆரம்பித்திருந்தது. ரயில்வே மாப்பிள்ளை எங்கள் தெருவுக்கு வருவதே அதிசயம்.

திருநாளன்றைக்குக் காலையில் பொழுது விடிந்ததும், கோயில் வேலை பார்க்கிற கோயிற்பிள்ளை மடத்துக்கு ஓடிவந்தார். "சிஸ்டர், பட்டிக்காட்டு ஜனம் வண்டி வண்டியா வந்து எறங்கிக்கினு இருக்குது. ஓஸ்தி பத்தாது. ஜல்தியா இன்னொரு டப்பா போடச் சொல்லுங்க."

புதுத் தாவணி, தலையில் கனகாம்பரம், அதோடு நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். சுட்டேன், ஈரத்துணியில் வைத்தேன், வெட்டினேன். கோயிற்பிள்ளை வாசலில் நின்றுகொண்டு "ஆச்சா கண்ணு, ஆச்சா கண்ணு" என்றார். கை வேகமாக ஓடியது. மனம் விழுப்புரத்து அம்மாள் எப்படி இருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அப்போது என் வாய்க்குள் மொறுக்கென்று ஒரு சத்தம்.

துப்புவதற்குள் கரைந்துவிட்டது. அதுதான் சொன்னேனே, அடுத்த நொடி ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று. விரலை விட்டு நாக்கைத் துடைத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. எச்சிலை விழுங்காமல் வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? விழுங்கினேன். சிஸ்டர் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, "போ போ, மணி அடிச்சாச்சு" என்று முதுகில் தட்டினார். ஒரு வாக்கியம்தான். 'சிஸ்டர், ஓரத்தை வாயில போட்டுட்டேன்.' அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கோயிலில் அம்மா பெண்கள் பக்கம் முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். எங்களுக்கு இரண்டு ஆள் தள்ளி, வெள்ளைச் சேலை, காதில் ஒன்றும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாள்தான் சவரியம்மாள் என்று அம்மா கண்ணால் காட்டினாள். பூசை லத்தீனில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு எந்தக் காலத்திலும் ஒரு வார்த்தை புரிந்ததில்லை. அன்று எல்லாம் என்னைப் பற்றியே சொல்வது போல இருந்தது. நன்மை வாங்குவதற்கு மணி அடித்தது. வரிசை எழுந்தது. நான் எழவில்லை.

"எழுந்திருடி" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"வாயில போட்டுட்டேம்மா."

"என்னாத்த?"

"ஓஸ்தி ஓரத்த."

அம்மா ஒரு நொடி யோசித்தாள். "அது இன்னா சோறா? எழுந்திரு. அந்தம்மா பாக்குது." இடுப்பில் கிள்ளினாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. மூன்று பெண்களைப் பெற்றவளுக்கு அந்த நிமிஷத்தில் பீடத்தைவிட வெள்ளைச் சேலைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

எழுந்தேன். நடந்தேன். கிராதியில் முட்டி போட்டு நாக்கை நீட்டினேன். சாமியார் வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் அடுப்பங்கரையில் தின்ற அதே ருசி. அதே மாவு, அதே இரும்பு. ஒன்று என் விரதத்தை முறித்தது. மற்றது சேசுநாதர். இரண்டும் ஒரே மாதிரி என் நாக்கில் கரைந்தன. திரும்பி வரும்போது கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. நிறுத்த முடியவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சவரியம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா பூசை பாக்கறேன். இப்படி அழுதுக்கினு நன்மை வாங்கற பொண்ண நான் பாத்ததில்ல. தேதி வச்சிடலாம்." அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அடக்கமான பெண் என்று அதற்கும் சேர்த்துப் பெயர் கிடைத்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். மரக் கூண்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, சல்லடைத் தட்டிக்கு வாயை வைத்தேன். உள்ளே இருந்தவர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சாமியார். குரல் கேட்டதுமே, "யாரு, ஓஸ்தி சுடற பொண்ணா? கல்யாணப் பொண்ணுக்கு இன்னா பாவம் இருக்கப் போவுது" என்று சிரித்தார். பாவம், அன்பாகத்தான் சொன்னார். அதற்கு மேல் உண்மையை எப்படிச் சொல்வது? தங்கையை அடித்தேன், செபத்தில் தூங்கினேன் என்று இரண்டு சின்னப் பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பாவத்தை மறைத்துச் செய்கிற பாவசங்கீர்த்தனம் இன்னொரு சாவான பாவம். அந்தப் பாவத்தோடு தாலி கட்டிக்கொண்டேன், கல்யாணப் பூசையில் நன்மையும் வாங்கினேன். அடுத்த நாள் காலையில் பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் போனேன்.

லோகோ ஷெட்டுக்குப் பக்கத்தில் லைன் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி. காயப்போட்ட துணி எல்லாம் மாலைக்குள் சாம்பல் நிறம். எனக்கு முன்னாலேயே என் பெயர் அங்கே போயிருந்தது. அத்தை சவரியம்மாள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். "கண்ணீரோட நன்மை வாங்கற பொண்ணு." பல் முளைக்காத பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, "தலையில கை வச்சி ஒரு செபம் சொல்லும்மா" என்பார்கள். நான் கை வைப்பேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வேன். அதையும் பக்தி என்பார்கள்.

அத்தை தினமும் விடிகாலையில் பூசைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போவார். தினமும் கிராதி. தினமும் அந்த ருசி. முதல் பாவத்தின் மேல் தினம் ஒன்று ஏறிக்கொண்டே போயிற்று. தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுந்ததும் பானையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு, "மறந்துட்டேன் அத்த, தண்ணி குடிச்சிட்டேன்" என்பேன். முதல் தடவை, "பரவால்ல, சின்னப் பொண்ணு" என்றார். இரண்டாம் தடவை என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு தினமும் படுக்கப் போகும் முன் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். உதவி செய்கிறாராம்.

பிறகு மசக்கை வந்தது. காலையில் எழுந்தால் குமட்டல், வாந்தி. வாந்தி எடுக்கிறவள் நன்மை வாங்க முடியாது. உலகத்தில் மசக்கைக்கு நன்றி சொன்ன பெண் நான் ஒருத்திதான் இருப்பேன். நாலாம் மாதம் அது நின்றுவிட்டது. அதே மாதம் பக்கத்து வரிசையில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். என் வயசுதான். பெட்டியை மூடும்போது நான் மனதில் கேட்டது அவளுக்காக ஒரு செபம் இல்லை. 'இவள் சொல்லிவிட்டுச் செத்தாளா?' என்றுதான் கேட்டேன். எனக்கும் ஐந்து மாதம்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, குழாயடியில் சோப்புப் போட்டுக் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். இவர் சோப்பு நுரையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கற? நம்ம கல்யாணத்தன்னிக்கி நான் டீ குடிச்சிட்டுதான் வந்தேன். ஸ்டேஷன்ல. ரெண்டு பன்னும் தின்னேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. இவர் என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதுவரைக்கும் ஒரு நரகம்தான் இருந்தது. இப்போது இரண்டு பேருக்கும் இடம் போட்டாயிற்று.

"நீங்க இதச் சொன்னீங்களா, சாமியார்கிட்ட?"

"சொன்னா சொன்னேன், சொல்லாட்டி போனேன். எம்மேல கரி பட்டா யாருக்குத் தெரியும்? நீதான் வெளுத்த துணி." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அது தாங்காது. பேஜாராயிடும்."

அடுத்த ஞாயிறு பூசை. மணி அடித்தது. அத்தை எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வா" என்றார். நான் எழவில்லை. துணிச்சல் வந்து உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். எழுவதற்கும் பயம், உட்காருவதற்கும் பயம். எழுவதற்கான பயம் அன்றைக்கு ஒரு பிடி கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். பாயில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சினேன். பின்னால் கிசுகிசு கேட்டது. அத்தை கிராதியிலிருந்து கையைக் கூப்பிக்கொண்டு திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் முட்டி போட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. இரண்டு பேரும் கேட்டுக்கு முன்னால் நின்றோம்.

"இன்னா நடந்துது?" என்றார் வண்டியைப் பார்த்துக்கொண்டே.

சொன்னேன். வண்டிச் சத்தம் என்னை மூடிக்கொண்டதால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். ஓஸ்தி ஓரம், அம்மா கிள்ளியது, பாவசங்கீர்த்தனம், தண்ணீர் குடித்தது, எல்லாம். இவருடைய டீயையும் பன்னையும் மட்டும் விட்டுவிட்டேன். கடைசிப் பெட்டி போயிற்று. கேட் திறந்தது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அத்தை நகரவில்லை.

"அன்னிக்கி அழுதியே?"

"பயத்துல அத்த."

"பக்தியில இல்ல?"

"இல்ல அத்த."

திண்டிவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். வயிற்றில் பிள்ளை, பின்னால் இரண்டு தங்கை, நைனாவின் முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்தது. அத்தை தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் பேசினார்.

"ரெண்டு பொண்ண வேணாம்னேன். ஒருத்தி கிராதியில சிரிச்சா. ஒருத்தி திரும்பி வரும்போது அங்க இங்க பாத்தா. மூஞ்சியப் பாத்து மனசப் படிச்சிட்டேன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "அதுங்க இன்னா கதியில இருந்துச்சிங்களோ."

அந்தச் சனிக்கிழமை என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போனார். வரிசையில் என் முறை வந்தது. வயிறு வலிக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

மறுநாள் பூசையில் மணி அடித்தது. வரிசை எழுந்தது. அத்தை எழவில்லை. என் பக்கத்தில் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போங்க அத்த."

"நீ போறப்போ போறேன்."

சவரியம்மாள் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்தக் கோயிலுக்குப் பெரிய செய்தி. வாசலில் ஒருத்தி கேட்டே விட்டாள். "இன்னா சவரியம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்றார்கள். வேறு என்னென்னவோ சொன்னார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவது நின்றது. வார நாட்களிலும் அதேதான். பூசைக்குப் போவோம், பாயில் உட்கார்ந்திருப்போம், திரும்பி வருவோம். அத்தை தினமும் விரதத்தோடுதான் வருவார். பானை தினமும் கவிழ்ந்துதான் இருக்கும். நான் ஒருவேளை அன்றைக்கு எழுந்துவிட்டால் தானும் தயாராக இருக்க வேண்டுமே என்று.

இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு, மணி அடிக்கும்போது தற்செயலாக அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கிராதியைப் பார்த்தபடி இருந்தார். வாய் தானாகக் கொஞ்சம் திறந்திருந்தது, சோறு ஊட்டுவதைப் பார்க்கிற குழந்தைக்குத் திறக்குமே, அப்படி. உடனே மூடிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

நரகத்துக்குப் பயந்துகூடப் பல மாதமாகத் திறக்காத வாய் அந்தச் சனிக்கிழமை திறந்தது. தட்டிக்கு உள்ளே இருந்த சாமியாருக்கு என்னைத் தெரியாது. முதலிலிருந்து சொன்னேன். "எத்தனை தடவை நன்மை வாங்கின, அதுக்கப்பறம்?" என்றார். எண்ணவில்லை என்றேன். "ரொம்ப நாளு தனியா சொமந்துட்ட" என்றார். அபராதமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றுதான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. நான் பட்டதற்கு மூன்று மந்திரமா என்று. ஒரு புனித யாத்திரை, ஒரு மாத உபவாசம், அட, மல்லாட்டைத் தோலாவது சொல்லியிருக்கலாம்.

எனக்குப் பின்னால் அத்தை உள்ளே போனார். என்னைவிட நேரம் எடுத்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து போனோம். திரும்பி வரும்போது என் முகம் எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் கோயிலில் யார் முகத்தையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

இவருடைய டீ, பன் கதை அப்படியே இருந்தது. அது அவருக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு என்று விட்டுவிட்டேன்.

பையன் பிறந்து தலை நிற்கத் தொடங்கிய சமயம், ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் ரோமாபுரியிலிருந்து வந்த உத்தரவைச் சொன்னார். இனிமேல் தண்ணீர் குடித்தால் விரதம் முறியாதாம். நான் மெதுவாக அத்தையின் பக்கம் திரும்பினேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். "அப்போ பானையக் கவுத்ததெல்லாம் தண்டமா?" என்றார் காதில். கோயிலுக்குள் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சில வருஷம் போனதும், சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் போதும் என்றார்கள். அறுபதுகளில் அது ஒரு மணி நேரமாயிற்று. பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்றார், கிராதியைப் பெயர்த்து எடுத்தார்கள், பாய் போய் பெஞ்சு வந்தது. அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். முக்காடு போயிற்று. கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடுவது எப்போதோ நின்றுவிட்டது, இப்போது பொட்டலத்தில் வருகிறது. லோகோ ஷெட்டில் கரி இல்லை. சாவான பாவம் என்கிற வார்த்தையை என் பேரப்பிள்ளைகள் கேட்டதுகூட இல்லை. அந்தப் பயம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது போய்த் தொலையட்டும்.

இப்போது நன்மை நேரம் வந்தால் பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்துவிடுகிறோம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு, என் பெஞ்சில் கடைசியில் ஒரு சின்னப் பெண் எழவே இல்லை. முழங்காலை நகர்த்தி எங்களுக்கு வழி விட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டிக்கொண்டு போனார்கள். அவள் பக்கத்தில் வந்ததும் நான் நின்றேன். உட்காரலாம் என்றுதான் நின்றேன். பின்னால் இருந்தவர் என் தோளைத் தொட்டு, "போங்கம்மா" என்றார். எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. போய்விட்டேன். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தேன். அவள் இருந்த இடம் காலியாக இருந்தது.